உறவு முறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

எங்கள் ஆயா 2024 அக்டோபர் 9-ஆம் தேதி விடிகாலையில் இறந்துபோனார். வேலூர் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அதற்குப் பிறகு சுமார் 14 மாதம் நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் ஏதாவது ஒரு படிவத்தை நீட்டினார்கள். எல்லாப் படிவத்திலும் 'இறந்தவருக்கு உறவு முறை' என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் தடவை யோசிக்காமல் 'பேத்தி' என்று எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், "அப்போ உங்க அம்மா இவங்க மகளா? சான்று இருக்கா?" என்றார். அம்மா இவருடைய மகள் இல்லை, இவருடைய அக்காவின் மகள். ஆயாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கவுன்ட்டர்க்காரர் சிவப்புப் பேனாவால் நான் எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் அழுதேன். துக்கமா கோபமா என்று அப்போது தெரியவில்லை. இப்போது யோசித்தால் கோபம்தான்.

ஆஸ்பத்திரிச் செலவு, வக்கீல், சம்பளம் இல்லாத விடுப்பு எல்லாம் சேர்த்து எனக்குப் போனது 3 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆயா இருக்கும்போதே யாராவது எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லியிருந்தால் அதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாத இன்னொருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆயாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் மேஜராக இருந்து 1997-ல் ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது சாதாரணம். சுபேதார் வீடு, ஹவில்தார் வீடு என்றுதான் தெருவில் அடையாளமே சொல்வார்கள். எங்கள் வீடு மட்டும் 'நர்ஸம்மா வீடு'. அவர் சுபேதாருக்கும் மேலே, அதிகாரியாகவே நியமனம் பெற்றவர் என்பது எதிர்வீட்டு ஹவில்தார் தாத்தா ஒருவருக்குத்தான் உறைத்திருந்தது. காலையில் ஆயா பால் வாங்க வாசலில் நின்றால் அவர் சைக்கிளை விட்டு இறங்கி, "ஜெய்ஹிந்த் மேடம்" என்பார். ஆயா சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பதில் சொல்வார். மற்றவர்களுக்கு அது வேடிக்கை.

1965-ல் லெப்டினன்டாகச் சேர்ந்தார். 1971 போரின்போது கல்கத்தாவில், ராணுவ மருத்துவமனையில் இருந்தார். டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த அந்தப் போரைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவை. பத்தாவது படிக்கும்போது பாடத்துக்காக நச்சரித்ததில் சொன்னார்: "தண்ணிக்கு ஒவ்வொரு பாஷையிலயும் என்ன பேருன்னு முதல் ரெண்டு நாள்லயே கத்துக்கிட்டேன். பானி, ஜொல், வெள்ளம், நீளு. அடிபட்டவன் மயக்கத்துல அவன் அம்மாகிட்ட பேசுற பாஷையிலதான் கேப்பான்." அவ்வளவுதான். எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் நோட்டை மூடிவிட்டேன். இன்றைக்கு அவர் குரல் என்று என்னிடம் இருப்பது, 'வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா' என்கிற மாதிரி நான்கு வாட்ஸ்அப் ஆடியோ. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் 'போரைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். ஒரு பழைய குரூப் போட்டோவைக் கையில் கொடுத்து, 'பக்கத்துல நிக்கிறது யாரு?' என்று கேளுங்கள். போனில் ரெக்கார்டைப் போட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். ஹவில்தார் தாத்தாவிடம் அப்புறம் நான் இப்படித்தான் கேட்டேன். ஒரு போட்டோவுக்கு முக்கால் மணி நேரம் பேசினார்.

ஆயா ஓய்வு பெற்று வந்தபோது எனக்கு 4 வயது. அடுத்த வருஷம் அம்மா இறந்துபோனாள், அப்பா வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். அம்மாவைப் பெற்ற பாட்டியும் 2001-ல் போனபிறகு வீட்டில் நானும் ஆயாவும்தான். 55 வயதுவரை ஒரு பிள்ளையைக் கூடத் தூக்கி வளர்க்காதவர் என்னை எப்படி வளர்த்தார் என்றால், ஒரு வார்டை நடத்துவதுபோல வளர்த்தார். மெத்தை விரிப்பின் மூலையை உறை மடிப்பதுபோல் சாய்வாக மடித்து உள்ளே செருக வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்வார். எனக்குக் காய்ச்சல் வந்தால் நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை டெம்பரேச்சர், நாடித் துடிப்பு, குடித்த கஞ்சி எத்தனை மில்லி என்று எழுதுவார். ராத்திரி எத்தனை மணிக்குக் கண் விழித்தாலும் அந்த நோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஊரே கேட்டிருக்கிறது. நான் கேட்டதில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு நாள் பேப்பரை என் பக்கம் நகர்த்தி, "படி" என்றார். செலினா ஜான் என்ற ராணுவ நர்ஸ் கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-ல் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அது தவறு, அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. கல்யாணமானால் நர்ஸைப் பணியிலிருந்து விலக்கலாம் என்ற அந்த 1977-ஆம் ஆண்டு ராணுவ உத்தரவை 1995-ல்தான் திரும்பப் பெற்றார்கள். அப்போது ஆயாவுக்கு 53 வயது. "அவளாவது கேட்டாளே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு யூனிஃபார்ம் போதும்னு இருந்துச்சு" என்றார். போதும் என்றுதான் இருந்ததா, போதும் என்று ஆக்கிக்கொண்டாரா, அதையும் நான் கேட்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அக்டோபர் 1 நர்சிங் சர்வீஸின் தொடக்க நாள். வருஷா வருஷம் அன்றைக்குக் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டுவார். 2024-லும் கட்டினார். 3-ஆம் தேதி ராத்திரி மூச்சுத்திணறல். நான் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆயாவிடம் இ.சி.எச்.எஸ். கார்டு இருந்தது, ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம், 2003-ல் இருந்து இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி அதில் சேர்ந்தது, எது சேராதது என்று எனக்குத் தெரியாது. நான் கூட்டிப்போனது சேராதது. அவசரத்துக்கு அப்படிச் சேர்த்தாலும் குற்றமில்லை, ஆனால் இரண்டு நாளுக்குள் நம் பகுதி இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும் என்று ஹவில்தார் தாத்தா பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. அவர் வந்தது ஐந்தாம் நாள். 1,86,000 ரூபாய் பில்லோடு நான் பிறகு அனுப்பிய ஃபைல் தாமதம் என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. இப்போதே செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து போனில் வையுங்கள், உங்கள் பாலிகிளினிக் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊரில் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் பெயரை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ராத்திரி 11 மணிக்கு இணையத்தில் பட்டியல் தேடக் கை வராது.

இறந்த அன்றைக்கு இன்னொரு கூத்து. ஆயாவின் தம்பி, சின்னத் தாத்தா என்போம், அவருடைய மகனை மாமா என்று கூப்பிடுவேன். அவர் கடையில் ஒரு தேசியக் கொடி வாங்கி வந்து, "நம்ம மேஜருக்குப் போர்த்தணும்" என்று விரிக்கப் போனார். நல்ல மனசுதான். ஹவில்தார் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டார். அரசு, ராணுவம், துணை ராணுவம் நடத்தும் இறுதிச் சடங்கில்தான் கொடியைப் போர்த்தலாம், நாமாகப் போர்த்தக்கூடாது. அங்கேயும்கூடக் கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் வைக்கவோ மாட்டார்கள், எடுத்து மடித்துவிடுவார்கள் என்றார். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து ராணுவ நிலையத்துக்குக் காலையிலேயே தகவல் கொடுத்திருந்தால் மலர்வளையம் வைக்க யாராவது வந்திருக்கலாம். அவர்கள் எண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் மணி 2. நான்கு மணிக்கு எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். கடைசியில் எடுக்கும்போது ஹவில்தார் தாத்தா மட்டும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நேராக நின்று சல்யூட் அடித்தார். தெருவில் பறையடித்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது போதும்.

இனி நான் செய்த தப்பு. மாதக் கடைசியில் அக்டோபர் மாத பென்ஷன் வழக்கம்போல ஆயா கணக்கில் விழுந்தது. ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் என்னிடம்தான் இருந்தன. ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கைமாற்றுக் கடன் கழுத்தை நெரித்தது. 40,000 எடுத்தேன். ஆயா பணம்தானே என்று நினைத்தேன். நவம்பர் நடுவில் இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனபோது மேலாளர் தேதிகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பென்ஷன் இறந்த நாள்வரைக்கும்தான். 10-ஆம் தேதி முதல் வந்தது அரசுக்குத் திரும்ப வேண்டும். 9 நாள் பாக்கிகூட உரியவர் விண்ணப்பித்து வாங்க வேண்டியதே தவிர, இறந்தவரின் கார்டைப் போட்டு எடுப்பது அல்ல. அவர் கடுமையாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. மறுநாளே நகையை வைத்துக் கட்டினேன். ஆகவே, இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் இருக்கிறது என்று இழுக்காமல் முதல் வாரத்திலேயே பதிந்து, பத்துப் பிரதியாவது எடுத்துக்கொண்டு, பென்ஷன் கொடுக்கும் இடத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். பாதுகாப்புத் துறை பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறையில் போகிறது. ஆயாவின் பதிவில் இருந்த செல்போன் எண் என்றைக்கோ தூக்கிப்போட்டது. வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கக் கூட்டிப்போகிறோம் இல்லையா, அன்றைக்கே எண், முகவரி, நாமினி மூன்றும் சரியா என்று பார்த்திருக்கலாம். நான் ஐந்து நவம்பர் கூடவே போனேன். வெளியே நின்று டீ குடித்தேன்.

பணம் போனதைவிட வலித்தது டிரங்குப் பெட்டி. கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஆயாவின் எண்ணும் பெயரும். மூடியின் உள்பக்கம் ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருக்கும்: 1976-ல் மேஜர் ஜெனரல் ஆன ஜெர்ட்ரூட் ஆலிஸ் ராம். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண், அவரும் நர்ஸ்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டை ஒழித்தபோது யாரோ அந்தப் பெட்டியைத் துருப்பிடித்த சாமான் என்று காயலான் கடைக்காரரிடம் 350 ரூபாய்க்குப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது மறுநாள் சாயங்காலம். ஓடினேன். பெட்டி நசுக்கப்படாமல் இருந்தது. உள்ளே இருந்த காகிதங்கள் தனியாக ஒரு சாக்கில் எடைக்குக் கட்டியிருந்தன. மெடல்கள் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காணோம். கடைப் பையன் பித்தளைக் குவியலில் கையை விட்டுத் துழாவி மூன்றை எடுத்தான். வெள்ளி மாதிரி இருக்கும், வெள்ளி இல்லை. 1971-க்கான சங்கிராம் மெடலின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் எண், ரேங்க், பெயர் வெட்டியிருக்கிறது. பூர்வி ஸ்டார் கிடைக்கவில்லை. கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது அது. இப்படிச் சாமான்கள் உள்ள வீட்டில், காரியம் முடியும்வரை ஒரு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. சுத்தம் செய்கிறேன் என்றுதான் செய்கிறார்கள்.

வங்கியில் ஆயாவின் வைப்புநிதி 12 லட்சம். நாமினி யார் என்று பார்த்தால் அவருடைய அக்கா, 2001-ல் செத்துப்போன என் பாட்டி. 23 வருஷமாக அந்தப் பெயர் மாறவே இல்லை. ஆயா ஒரு நோட்டில், 'எல்லாம் என் பேத்திக்கு' என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டு வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன். "இரண்டு சாட்சி கையெழுத்து எங்கே?" என்றார். உயிலுக்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை, வெள்ளைத் தாளே போதும். ஆனால் இரண்டு சாட்சி இல்லாவிட்டால் அது உயிலே இல்லை. எதிர்வீட்டில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், இருபது வருஷமாக.

அப்புறம் வக்கீலம்மா சொன்னதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. கல்யாணமாகாத இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்து, அப்பா அம்மாவும் இல்லையென்றால், அவருடைய அப்பாவே இப்போது இறந்ததுபோல வைத்துக்கொண்டு, அந்த அப்பாவின் வாரிசு யார் என்று பார்ப்பார்களாம். அப்படிப் பார்த்தால் மகனான சின்னத் தாத்தாவுக்குப் பாதி. இறந்த மகளின் இறந்த மகளுடைய மகள் என்ற வகையில் எனக்குப் பாதி. 2005 திருத்தத்தில்தான் அந்த வரிசையே சட்டத்தில் சேர்ந்தது. ஆக எனக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆயாவுக்குப் பேத்தியாக இல்லை. நான் பார்த்தே இராத அவருடைய அப்பாவுக்குக் கொள்ளுப்பேத்தியாக. "சந்தோஷப்படுங்க, சுலபமா முடியும்" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சுலபமாகவும் முடியவில்லை. கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றுக்கு மனு, பேப்பரில் அறிவிப்பு, வாய்தா. பென்ஷன் ஆவணத்தில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் ஒரு எழுத்து குறைவு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம். 9 மாதம், 68,000 ரூபாய். சின்னத் தாத்தாவிடம் நான் வாய்விட்டுக் கேட்டேன், ஆயா எனக்கென்று எழுதியதைக் காட்டினேன். அவர் நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "அக்கா கையெழுத்துதான். ஆனா எனக்கும் செலவு இருக்கு" என்றார். பாதியை வாங்கிக்கொண்டார். சட்டப்படி அவருடையதுதான். இன்னும் அவர் வீட்டுப் பக்கம் போக எனக்கு மனசு வரவில்லை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். போடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. முக்கியமாக, வளர்த்த பிள்ளைக்கு, கூடவே இருந்தவருக்கு என்று நினைப்பவர்களுக்கு உயில் எழுதிவைப்பதுதான் நல்ல வழி.

அந்தக் காகிதச் சாக்கை நான் பிரிக்கவே இல்லை. கோர்ட் வேலையெல்லாம் முடிந்து, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் கொட்டினேன். ரேஷன் ரசீது, போஸ்டிங் ஆர்டர், என்னுடைய முதல் வகுப்பு ரேங்க் கார்டு, நடுவில் எலி கடித்த காய்ச்சல் நோட்டுகள். ராணுவக் காகிதம் எதை எடுத்தாலும் என்.ஓ.கே. என்று ஒரு வரி இருக்கும், நெருங்கிய உறவு யார் என்பதற்கு. ஆயாவின் ஆர்டர்களில் முதலில் அவர் அப்பா பெயர், அப்புறம் அக்கா பெயர். 1998 நவம்பர் என்று மேலே எழுதிய நோட்டைப் பிரித்தேன். அம்மா போன வருஷம். பேஷன்ட் என்ற இடத்தில் என் பெயர், வயது 5. காலை 6 மணி 102.4, 10 மணி 101, மதியம் 2 மணி 101.2, கஞ்சி 100 மில்லி, வாந்தி இல்லை. வார்டு சார்ட்டில் இருப்பதுபோலவே எல்லாக் கட்டத்தையும் ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறார், யாரும் கேட்காத கட்டங்களையும் சேர்த்து. கடைசிக் கட்டம் என்.ஓ.கே. அதில் பெரிய எழுத்தில் 'கிராண்ட்மதர்' என்று எழுதி, கீழே மேஜர் என்று ரேங்க் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்.